லெவலை விளையாட்டிடம் விடுங்கள், ஸ்பேஸ் பட்டன் உங்கள் கையில் இருக்கட்டும்: குழு ஆர்பிஜிக்கு முழுமையான வழிகாட்டி

ஆர்பிஜி என்றால் நாயகனாக நின்று ஆட்களை லெவல் லெவலாக வளர்த்துக் கதைக்குள் சண்டையிடும் விளையாட்டு. அந்த வகையில் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தை முடித்த சூட்டோடு, 1998இல் வந்த முதல் பாகத்தையோ பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரையோ கழிவு விலையில் வாங்கிவிடுகிற தம்பிமார் வெள்ளவத்தைப் பக்கம் எனக்குத் தெரிந்தே பலர். எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மூன்றாம் பாகத்தில் ஒவ்வொருவராக முறை வைத்து அடிப்பார்கள். இந்தப் பழைய பாகத்திலும் கிங்மேக்கரிலும் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்பேஸ் பட்டனை அழுத்தி நாம் நிறுத்தினால்தான் நிற்கும்.

தோற்றவுடன் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது பில்டை, அதாவது லெவல் ஏறும்போது ஓர் ஆளுக்குத் தேர்ந்தெடுத்தவற்றின் மொத்தத்தை. "அண்ணா, நான் லெவல் ஏத்தினது பிழையோ?" என்றுதான் கேட்பார்கள். பெரும்பாலும் அது பிழையில்லை. லெவல் ஏறியபோது என்ன கிடைத்தது என்று பார்க்காததும், சண்டையை நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்தாததும்தான் காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் பில்ட் கடைசியில்தான் வரும். உதாரணங்களைப் பெரும்பாலும் கிங்மேக்கரிலிருந்தே எடுத்திருக்கிறேன். மெனுவில் தேட வசதியாக ஆங்கிலப் பெயர்களை மொழிபெயர்க்காமல் அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலாவது, ஒரு மௌஸ். மடிக்கணினியின் டச்பேடில் ஆறு பேருக்குக் கட்டளை கொடுத்துப் பார்த்தவர்கள் ஒரே மாலையில் வெறுத்துவிடுவார்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும் ஆக மலிவான மௌஸே போதும். நடுவில் உருட்டும் சக்கரம் இருந்தால் சரி, கமராவை மேலே ஏற்றிக் களம் முழுவதையும் பார்க்க அது வேண்டும்.

இரண்டாவது, உங்கள் விளையாட்டில் எந்த வசதி இருக்கிறது என்று அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள். கிங்மேக்கரிலும் அதன் அடுத்த விளையாட்டான ராத் ஆஃப் த ரைட்டியஸிலும் தானாக லெவல் ஏற்றும் வசதி உண்டு. ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் நைட்ஸ் ஆஃப் த ஓல்ட் ரிபப்ளிக்கிலும் துணைவர்களுக்கு அதைப் போட்டுவிடலாம். பழைய பால்டர்ஸ் கேட்டில் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. லெவல் ஏறும்போது அங்கே நீங்கள் முடிவெடுப்பதே கொஞ்சம்தான்: ஆயுதப் பயிற்சிப் புள்ளி, திருடனின் திறமைகள், அவ்வளவே.

மூன்றாவது, எடுத்த முடிவை மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியில் சத்திரத்தில் காசு கொடுத்து ஒருவரின் லெவல்களை முதலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். அந்த வசதி இருக்கிற விளையாட்டில் இவ்வளவு பயப்படவே தேவையில்லை.

2. சேவ் பண்ணும் பழக்கம்

ஒரே சேவின்மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். லெவல் ஏற்றுமுன் ஒன்று, புதிய இடத்துக்குள் நுழையுமுன் ஒன்று, இரண்டையும் வேறு வேறு பெயரில் வையுங்கள். லெவல் ஏற்றத்தில் நடந்த கோளாறு அடுத்த இரண்டு மூன்று சண்டை கழிந்துதான் தெரியவரும். அதற்குள் குயிக் சேவ் பழையதை அழித்திருக்கும்.

2022 மின்வெட்டைக் கண்ட கொழும்புக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைக் கணினியில் விளையாடுகிறவர்கள் தானியங்கிச் சேவின் இடைவெளியையும் குறைத்து வையுங்கள்.

3. யாருக்குத் தானியங்கி, யாருக்குக் கை

துணைவர்கள் எல்லாருக்கும் தானியங்கியை, அதாவது தானாக லெவல் ஏற்றும் வசதியை, போடுங்கள். கிங்மேக்கரில் லெவல் 20 வரை போகும், குழுவில் நீங்களும் சேர்த்து ஆறு பேர், முகாமில் காத்திருப்பவர்கள் தனி. மூல விளையாட்டில் மட்டும் 11 துணைவர்கள். இத்தனை பேருக்கும் ஒவ்வொரு லெவலிலும் ஃபீட் (சிறப்புத் தகுதி), திறமை, மந்திரம் என்று உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால், சண்டை பழகவேண்டிய நேரம் முழுவதும் பட்டியல் வாசிப்பதிலேயே போய்விடும். விதிகள் விளங்காத நிலையில் எடுக்கும் முடிவு எப்படியும் குருட்டு முடிவுதான். விளையாட்டை உருவாக்கியவர்கள் போட்டுவைத்த பாதை சிறந்ததாக இல்லாவிட்டாலும், இடறாமல் நடக்கக்கூடிய பாதை.

நாயகன் விஷயம் வேறு. நீங்களே முகம், குலம், வகுப்பு (சண்டைவீரர், மந்திரவாதி போன்ற வகை) என்று எல்லாம் தேர்ந்து உருவாக்கிய ஆளுக்கு விளையாட்டிடம் ஆயத்தத் திட்டம் எதுவும் இல்லை. அதனால் முற்றிலும் புதியவர் என்றால் தயாராக இருக்கும் நாயகர்களில் ஒருவரை எடுங்கள். சொந்த ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எளிய வகுப்பாக எடுத்து, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

பாதி வழியில் ஒரு லெவலை மட்டும் கையால் ஏற்றிவிட்டுத் திரும்பத் தானியங்கிக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். போட்டுவைத்த திட்டம் முதல் லெவலிலிருந்து ஒரே கோட்டில் எழுதப்பட்டது. இடையில் நீங்கள் செருகியது அதற்குத் தெரியாது.

குழுவில் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுபவப் புள்ளி என்ற தெரிவு கிங்மேக்கரில் உண்டு. அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் முகாமில் இருக்கும் பூசாரி திடீரென்று தேவைப்படும் நாளில் நான்கு லெவல் பின்தங்கி வந்து நிற்பார்.

ஓல்ட் ரிபப்ளிக் விளையாடுபவர்களுக்கு ஒரு விதிவிலக்கு. அங்கே துணைவர்களுக்குத் தானியங்கி நல்லது, நாயகனுக்கு வேண்டாம். டான்டுயின் என்ற கிரகத்தில் நாயகன் ஜெடை வீரர் ஆகும்வரை லெவல்களைப் பிடித்து வைத்துக்கொண்டால், மொத்தம் 20 லெவலில் அதிக பங்கு ஜெடை வகுப்புக்குப் போகும். தானியங்கி இதையெல்லாம் கணக்கில் எடுக்காது.

4. லெவல் ஏறியதும் வாசிக்க வேண்டியவை

புதியவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். தேர்ந்தெடுக்கும் வேலையை விளையாட்டிடம் கொடுக்கலாம், தெரிந்துவைத்திருக்கும் வேலையைக் கொடுக்க முடியாது. லெவல் ஏறிய ஒவ்வொரு தடவையும் அந்த ஆளின் பக்கத்தைத் திறந்து, புதிதாக வந்ததை மட்டும் வாசியுங்கள். ஒரு நிமிடம் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது, வந்தது தானாக இயங்குவதா, நாம் அழுத்தினால்தான் இயங்குவதா என்று. பவர் அட்டாக் அழுத்தி இயக்கவேண்டிய வகை. தொடக்கத்தில் தாக்குதல் எண்ணில் 1 குறைத்து, சேதத்தில் 2 கூட்டும். ஃபைட் டிஃபென்சிவ்லியும் அப்படித்தான், தாக்குதலில் 4 குறைத்துப் பாதுகாப்பில் 2 தரும். அதை ஒரு சண்டைக்குப் போட்டுவிட்டு அணைக்க மறந்து, அடுத்த பத்துச் சண்டையில் "அண்ணா, இவன் அடிச்சா ஒண்டும் படுதில்லை" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். பாடகி லின்சியின் இன்ஸ்பயர் கரேஜ் (குழுவின் தாக்குதலைக் கூட்டும் பாட்டு) இதற்கு நேரெதிர்க் கதை. தொடக்கத்திலிருந்தே அவளிடம் இருக்கிறது, யாரும் அழுத்துவதில்லை.

அடுத்தது ஆயுதம். தானியங்கி சில ஃபீட்களை ஒரு குறிப்பிட்ட ஆயுதத்துக்கென்று எடுக்கும். வெப்பன் ஃபோகஸ் என்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆயுதத்தின் பெயர் இருக்கும், அதை ஞாபகம் வையுங்கள். பெட்டியில் பளபளவென்று புதுக் கோடரி கிடைத்ததும் வாள்காரன் கையில் கொடுத்தால், அவன் எடுத்த ஃபீட் எல்லாம் சும்மா கிடக்கும். வில்காரரிடம் பிரிசைஸ் ஷாட் வந்துவிட்டதா என்றும் பாருங்கள். அது இல்லாமல், நம் ஆளோடு கைகலந்து நிற்கும் எதிரியை எய்தால் 4 குறையும். வரும்வரை இன்னும் யாரும் நெருங்காத எதிரியையே குறிவைக்கச் சொல்லுங்கள்.

பிறகு மந்திரம். ஒக்டேவியா போன்ற விசார்ட் (மந்திரவாதி வகுப்பு), ட்ரிஸ்டியன் போன்ற பூசாரி எல்லாம் மந்திரத்தை முன்கூட்டியே தயார் பண்ணி வைப்பவர்கள். லெவல் ஏறியதும் புதிய இடம் ஒன்று திறக்கும், ஆனால் அது வெறுமையாக இருக்கும். மந்திரப் புத்தகத்தைத் திறந்து நிரப்பி, அதன்பின் முகாம் போட்டு உறங்கினால்தான் அது பாவனைக்கு வரும். பழைய பால்டர்ஸ் கேட்டிலும் இதே விதிதான். லெவல் ஏறிய மகிழ்ச்சியில் அப்படியே அடுத்த கதவைத் திறப்பது இந்தக் கட்டத்தில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

5. தானியங்கி நிறுத்தம்: எதைப் போடுவது, எதை அணைப்பது

அமைப்புகளில் ஓட்டோ போஸ் என்ற பகுதி இருக்கும். அங்கே உள்ளதை எல்லாம் போட்டால் அரை விநாடிக்கொரு தரம் நின்று நின்று எரிச்சல் வரும், இரண்டு நாளில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவீர்கள். எல்லாவற்றையும் அணைத்தால் நடப்பதைப் பார்க்குமுன்பே இரண்டு பேர் விழுந்திருப்பார்கள்.

எதிரி கண்ணில் பட்டதும் நிறுத்து: இதைக் கட்டாயம் போடுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பொறி தெரிந்ததும் நிறுத்து: இதுவும் வேண்டும், நிற்காவிட்டால் பொறியைக் கண்ட அடுத்த கணமே உங்கள் ஆள் அதன்மேல் நடந்துவிடுவார். உயிர்ப்புள்ளி குறைந்ததும் நிறுத்து: இதைப் போட்டால் குணப்படுத்த நேரம் கிடைக்கும். ஆள் விழுந்த பின் நிற்பதில் அவ்வளவு பயன் இல்லை. கணினியில் வேறு சாளரத்துக்குப் போனால் நிறுத்து என்பதும் இருக்கட்டும், வட்ஸ்அப் அழைப்பு வராத வீடு ஏது?

பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தில் ஆயுதம் பயன்படாமல் போனால் நிறுத்து என்பதையும் சேருங்கள். கதையில் இரும்புக்கு நோய் பிடித்திருப்பதால் சாதாரண வாள்கள் சண்டை நடுவில் உடையும். கவனிக்காவிட்டால் முன்வரிசை ஆள் வெறுங்கையால் குத்திக்கொண்டிருப்பார்.

சுற்று முடிந்ததும் நிறுத்து என்பது பழகும்வரை மட்டும் போதும். பால்டர்ஸ் கேட்டிலும் பாத்ஃபைண்டரிலும் ஒரு சுற்று 6 விநாடி. அந்தத் தாளம் கைக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள்.

6. முதல் நிறுத்தத்தில் கட்டளை கொடுக்கும் வரிசை

எதிரியைக் கண்டு விளையாட்டு நின்றுவிட்டது. இங்கே செய்யும் வேலைதான் சண்டையில் பாதி.

கட்டளை கொடுக்குமுன் பாருங்கள். கமராவை மேலே ஏற்றி எத்தனை பேர், யார் கையில் வில், யார் அங்கி போட்டு நிற்கிறார் என்று எண்ணுங்கள். அங்கிக்காரர்தான் உங்கள் முதல் இலக்கு. கவசம் குறைவு, விட்டுவைத்தால் தீமை அதிகம்.

முதல் கட்டளை மந்திரவாதிக்கு. மந்திரத்தைச் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும், அந்த வேலை முதலில் தொடங்க வேண்டும். அத்தோடு, நம் ஆட்கள் இன்னும் எதிரியோடு கலக்கவில்லை. கிரீஸ், என்டேங்கிள் போன்ற பரப்பு மந்திரங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. ஃபயர்போல் என்ற நெருப்பு மந்திரம் பாத்ஃபைண்டரில் 20 அடி ஆரத்துக்கு வெடிக்கும், யார் நம்மவர் என்று பார்க்காது. கைகலந்த பின் அதைப் போட முடியாமல் மந்திரவாதி சும்மா நிற்பார்.

குறிவைக்கும் இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறுத்தியபோது எதிரி நிற்கும் இடத்தில் அல்ல, மந்திரம் முடியும்போது அவன் வந்திருக்கும் இடத்தில் குறிவையுங்கள். காலி வீதியைக் கடக்கிறவர் பஸ் இப்போது எங்கே நிற்கிறது என்றா பார்க்கிறார், தான் நடுவுக்குப் போகும்போது அது எங்கே வந்திருக்கும் என்றுதானே பார்க்கிறார். ஓடிவருபவனின் கால்களுக்குச் சற்று முன்னால் போட்டால் சரியாக இருக்கும்.

இரண்டாவது கட்டளை முன்வரிசைக்கு. அவர் எதிரியை நோக்கி ஓடக்கூடாது. கதவு, பாலம், இரண்டு பாறைக்கு நடுவே ஓர் இடுக்கு, இப்படி ஓரிடத்தில் நிற்கவேண்டும். திறந்த வெளியில் நின்றால் நான்கு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடுவார்கள், இடுக்கில் நின்றால் ஒருவர் இருவர்தான் வர முடியும்.

மூன்றாவது, தூரத்திலிருந்து அடிப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே இலக்கு. பாதி உயிரோடு இருக்கும் எதிரியும் முழுப் பலத்தோடுதான் அடிப்பான். மூன்று பேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காயப்படுத்துவதைவிட ஒருவனை விழுத்துவது மேல், நம்மேல் விழும் அடி உடனே குறையும்.

கடைசியாகப் பாடகி, பூசாரி. பாட்டைத் தொடங்குங்கள், தாக்குதலைக் கூட்டும் பிளெஸ் மந்திரத்தைப் போடுங்கள். அப்புறம் ஸ்பேஸ் அழுத்துங்கள்.

பழைய பால்டர்ஸ் கேட்டில் தொடக்க மந்திரவாதிக்கு நான்கு ஐந்து உயிர்ப்புள்ளிதான் இருக்கும். அவரைப் பொறுத்தவரை இந்த வரிசை எல்லாம் ஒரே மந்திரத்துக்குள் அடக்கம்: எதிரியை உறங்கவைக்கும் ஸ்லீப். போட்டுவிட்டு பின்னுக்கு வரச் சொல்லுங்கள். குழுவினரைத் தானாக இயக்கும் ஏஐயை அணைத்து வைப்பதும் நல்லது, இல்லாவிட்டால் ஒரு சிறு எதிரிக்காக அந்த ஒரே மந்திரத்தையும் அவர் தானாகவே செலவழித்துவிடக்கூடும்.

7. இரண்டாவது நிறுத்தமும் சண்டைப் பதிவும்

ஸ்பேஸ் அழுத்திவிட்டுக் கதிரையில் சாயாதீர்கள். ஒன்றிரண்டு விநாடியில் திரும்ப நிறுத்துங்கள். நினைத்த வழியில் யாரும் போகவில்லை என்பது இப்போதுதான் தெரியும். ஒருவர் வழி கிடைக்காமல் சுற்றிக்கொண்டு போவார், ஒருவருடைய இலக்கு ஏற்கெனவே விழுந்திருக்கும். கட்டளையைத் திருத்திவிட்டு விடுங்கள்.

கைகலந்தவரைக் காரணமில்லாமல் நகர்த்தாதீர்கள். பாத்ஃபைண்டரில் எதிரியின் எட்டுக்குள்ளிருந்து விலகினால் இலவச அடி விழும், பில்லர்ஸிலும் விலகுபவருக்குத் தண்டனை உண்டு. மந்திரவாதிக்குப் பக்கத்தில் எதிரி வந்துவிட்டால், அவரை ஓடச் சொல்வதைவிட வேறொருவரைக் கொண்டு அந்த எதிரியை அடிப்பதுதான் பெரும்பாலும் சரி. மந்திரம் சொல்லும்போது அடி பட்டால் மந்திரம் கலைந்து வீணாகக்கூடும்.

எதிரிமேல் அடி படவில்லை என்றால், ஒவ்வோர் அடியின் கணக்கையும் காட்டும் சண்டைப் பதிவைத் திறந்து வாசியுங்கள். கணக்கு எளிது. 20 முகப் பகடை, அத்தோடு உங்கள் தாக்குதல் எண், எதிரே ஆர்மர் கிளாஸ், அதாவது எதிரியின் பாதுகாப்பு எண். உங்கள் ஆளுக்கு 5, எதிரிக்கு 20 என்றால், பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது இருபதில் ஆறு வாய்ப்பு, 30 வீதம். பிளெஸ் 1 தரும், தொடக்க நிலை இன்ஸ்பயர் கரேஜ் இன்னொரு 1 தரும், இப்போது 40 வீதம். அதே எதிரியோடு இன்னொருவரும் கைகலந்தால் ஃபிளாங்கிங்கால் 2 கூடும், 50 வீதம். ஒரு லெவலும் ஏறவில்லை, ஒரு ஃபீட்டும் மாறவில்லை. பில்டைக் குறை சொல்லுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

8. முறை வைத்து ஆடும் வசதியை எப்போது போடுவது

ராத் ஆஃப் த ரைட்டியஸில் 2021இல் வெளியானபோதே இந்த வசதி இருந்தது, கிங்மேக்கருக்கு 2020இல் வந்தது. இரண்டிலும் விளையாட்டின் நடுவே மாற்றிக்கொள்ளலாம். பில்லர்ஸ் இரண்டாம் பாகமான டெட்ஃபயருக்கு 2019இல் வந்தது, அங்கே புதிய ஆட்டம் தொடங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

சின்னச் சண்டைகளுக்குப் போடாதீர்கள், ஒரு குகையைக் கடக்கவே பொழுது போய்விடும். பெரிய எதிரிக்கும், விதி விளங்காத இடத்துக்கும் போடுங்கள். ஒரே சண்டையை ஒரு தரம் முறை வைத்தும், சேவுக்குத் திரும்பி வந்து நிறுத்தி நிறுத்தியும் ஆடிப் பார்த்தால், ஓடும் சண்டையில் உள்ளே என்ன நடக்கிறது என்று நன்றாக விளங்கும்.

9. லெவலைக் கைக்கு எடுத்துக்கொள்வது

பதிவை வாசிக்க வந்துவிட்டதா? சரி, இப்போது எடுங்கள். ஆனால் இதைப் புதிய ஆட்டத்திலோ புதிதாகச் சேரும் துணைவரிலோ தொடங்குங்கள், ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தின் நடுவில் அல்ல.

முதலில் ஒரு சண்டைவீரர். அவருக்கு எடுக்கும் ஃபீட்டின் பலன் அடுத்த சண்டையிலேயே பதிவில் எண்ணாகத் தெரியும். அடுத்து வில்காரர். மந்திரவாதி கடைசி, ஏனென்றால் அங்கே செய்த பிழை வெளிவரக் கன லெவல் எடுக்கும். கையால் ஏற்றும்போதும் கிங்மேக்கர் சில தெரிவுகளுக்குப் பக்கத்தில் பரிந்துரை அடையாளம் காட்டும். சந்தேகம் வந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

மந்திரவாதிக்கு ஒரு விதியைத் தலைக்குள் வைத்திருந்தால் போதும். மந்திரத்தின் படியோடு 10ஐக் கூட்டினால் வருகிற அளவுக்காவது அதற்குரிய பண்பு இருக்க வேண்டும். மூன்றாம் படி மந்திரத்துக்கு விசார்டின் அறிவு 13, ஒன்பதாம் படிக்கு 19. பண்புப் புள்ளி நான்கு லெவலுக்கு ஒன்றுதான் கிடைக்கும், அதை வேறெதிலும் போடாதீர்கள்.

இரண்டு வகுப்பைக் கலக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். விசார்டுக்கு மூன்றாம் படி மந்திரம் லெவல் 5இல் வருகிறது. நடுவில் ஒரு லெவலைச் சண்டைவீரருக்குக் கொடுத்தால் ஃபயர்போல் ஒரு லெவல் தள்ளிப்போகும், அதற்குப்பின் வரும் ஒவ்வொரு படியும் அப்படியே தள்ளிப்போகும். என்ன கிடைக்கிறது என்பதற்காக அல்லாமல் பெயர் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கலப்பவர்கள் பிறகு என்னிடம்தான் வருகிறார்கள்.

10. அடிக்கடி வரும் இரண்டு முறைப்பாடு

"சிலந்திக் கூட்டத்தைக் கொல்லவே முடியேல்லை." கிங்மேக்கரின் தொடக்கத்திலேயே ஒரு குகையில் வரும். சின்னச் சின்னச் சிலந்திகளின் திரளுக்கு வாளாலும் அம்பாலும் ஒன்றும் ஆகாது. எந்த லெவல் ஏற்றமும் உதவாது, தானியங்கியும் உங்களுக்காகக் கடைக்குப் போகாது. நெருப்புக் குப்பி, அமிலக் குப்பி எடுத்து ஆளுக்கு இரண்டாகக் கச்சைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போங்கள். திரள் தெரிந்து விளையாட்டு நின்றதும் எல்லாருக்கும் ஒரே கட்டளை, எறி.

"கடினத்தைக் குறைச்சா வெட்கம்தானே அண்ணா?" ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். கிங்மேக்கரில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றலாம். எதிரிகளின் பலத்தை மட்டும் ஒரு படி இறக்கி, மற்றவற்றை அப்படியே விட்டு, தோற்ற அதே சண்டையைச் சேவிலிருந்து திரும்ப ஆடுங்கள். அப்போதும் தோற்றால் ஆறாம் பகுதியில் சொன்ன கட்டளை வரிசையில் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள். வென்றால் அடுத்த ஊர் வரை அப்படியே போய்விட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.